ஒரே மெஷினில் நாலு கன்டெய்னர்: கரண்ட் போய் வந்தால் எல்லாம் தானாக எழுந்து நிற்க டாக்கர் கம்போஸ் போதுமா?

செக்காலைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தளக்கல் செய்யும் பட்டறை ஒன்றின் ஆர்டர் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த வீட்டுக்கு எந்தப் பூ வடிவம், எத்தனை சதுர அடி, கண்ணாடிமேல் வார்த்த கல் என்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குள் போனது, என்றைக்கு வெளியே எடுக்க வேண்டும், எல்லாமே அதில்தான் இருக்கிறது. பட்டறை ஆட்கள் காலையில் வந்ததும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஓடுவது நாலு கன்டெய்னர் (தனக்கு வேண்டியதோடு தனித்தனியாக ஓடும் மென்பொருள் பெட்டிகள், டாக்கர் அவற்றை ஓட்டும்). ஜாங்கோவில் எழுதிய ஆப், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ், தற்காலிகத் தகவலை வைக்கும் ரெடிஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் பிரவுசரின் கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ். அலுவலக அறையில் இருக்கும் உபுண்டு மெஷின் ஒன்றில்தான் அத்தனையும். இதை முதலில் அமைத்துக் கொடுத்தவர் நீளநீளமான டாக்கர் ரன் கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நெட்வொர்க், வால்யூம் (கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம்), பாஸ்வேர்ட் எல்லாம் அந்த வரிகளுக்குள்ளேயே கிடக்கின்றன. கரண்ட் போய் வந்தால் சில கன்டெய்னர் எழுந்திருக்கும், சில எழுந்திருக்காது. சில நாள் எல்லாமே ஓடுவதாகக் காட்டும், ஆனால் பிரவுசரில் 502 (பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வரும். நான் ஊரில் இல்லாத நாளில் பட்டறையில் யாராலும் இதைச் சரிசெய்ய முடிவதில்லை.

இதை டாக்கர் கம்போஸுக்கு, அதாவது எல்லாக் கன்டெய்னரையும் ஒரே கோப்பில் எழுதி ஒன்றாக ஓட்டும் கருவிக்கு, மாற்றலாம் என்று இருக்கிறேன். அது டெவலப்பர் லேப்டாப்புக்கு மட்டும்தான், உண்மையான வேலைக்குக் குபர்நெட்டீஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, தாராளமாக மாற்றுங்கள். உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று கட்டளையிடுகிறது. பாதியில் ஒன்று நின்றுபோனால் மறுபடி ஓட்டும்போது, அந்தப் பெயரில் கன்டெய்னர் ஏற்கனவே இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும். கம்போஸ் கோப்பில் நீங்கள் எழுதுவது, கடைசியில் என்ன நிலை இருக்க வேண்டும் என்பதை. சர்வீசஸ் என்ற தலைப்பின் கீழ் ஆப், டிபி (போஸ்ட்கிரெஸ்), ரெடிஸ், வெப் (என்ஜின்எக்ஸ்) என்று நாலு பெயர். ஒவ்வொன்றின் கீழும் எந்த இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), எந்த வால்யூம், எந்த என்விரான்மென்ட் மதிப்புகள், எந்த போர்ட். கம்போஸ் அப் மைனஸ் டி (docker compose up -d) என்று கொடுத்தால், இப்போது இருப்பதையும் கோப்பில் இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் புதிதாக உருவாக்கும். மாறாததைத் தொடாது. அதனால் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அதே கட்டளையைக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கோப்பை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கட்டளை கொடுத்தால் மாற்றம் ஏறாது. அது பழைய கன்டெய்னரையே நிறுத்தி எழுப்பும். அப் கட்டளையைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை நம்பி இறங்க வேண்டாம். இந்தக் கருவி ஃபிக் என்ற பெயரில் தொடங்கியது. 2014இல் டாக்கர் நிறுவனம் அதை வாங்கிக் கம்போஸ் ஆக்கியது. முதல் பதிப்பு பைத்தானில் எழுதியது. நடுவில் ஹைபன் போட்ட டாக்கர்-கம்போஸ் கட்டளை அதுதான். அதற்கு 2023 நடுவிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது கோ மொழியில் எழுதியது, ஹைபன் இல்லாமல் டாக்கரின் உட்கட்டளையாக வரும். கோப்பின் முதல் வரியில் வெர்ஷன் 3 என்றெல்லாம் போடச் சொல்வதும் பழைய வழக்கம். இப்போது அந்த வரி தேவையில்லை, போட்டால் எச்சரிக்கை வரும்.

அழகப்பா மாணவி:

அண்ணா, ஒரு சந்தேகம். நான் கல்லூரி புராஜெக்டில் ஆப்பின் செட்டிங்ஸில் டேட்டாபேஸ் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின் என்று பொருள்) என்று கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் வேலை செய்கிறது. கம்போஸுக்குள் போனதும் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. இரண்டும் ஒரே மெஷினில்தானே இருக்கின்றன?

பள்ளத்தூர் வளவு:

தங்கச்சி, நம் பக்கத்து வளவு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணமான மகனை வேறு வைத்தால் அவருக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வீடு ஒன்றுதான். உள்ளுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், தெருவுக்குத் திறப்பது முகப்பு வாசல் மட்டும். கம்போஸும் அப்படித்தான். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதன் சொந்த அறை. ஆப் கன்டெய்னருக்குள் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்று தேடினால் அங்கே போஸ்ட்கிரெஸ் கிடையாது.

கம்போஸ் அப் கொடுக்கும்போதே அந்தப் புராஜெக்டுக்கு என்று ஒரு நெட்வொர்க் தானாக உருவாகிறது. அதற்குள் சர்வீஸ் பெயர்தான் முகவரி. கோப்பில் டிபி என்று பெயர் வைத்திருந்தால் செட்டிங்ஸில் ஹோஸ்ட் டிபி, போர்ட் 5432. லேப்டாப்பிலிருந்து பார்ப்பதற்காக 5433 என்று வெளியே திறந்து விட்டிருந்தாலும் உள்ளுக்குள் 5432தான். கன்டெய்னரின் ஐபி எண்ணை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், புதிதாக உருவாகும்போது அது மாறிவிடும்.

செக்காலைவாசி, உங்கள் 502க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கிறேன். என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் ஆப்பை எப்படிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்? பெயரா, ஐபியா?

செக்காலைவாசி:

பெயர்தான் அக்கா. கோரிக்கையை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் கன்டெய்னர் பெயரும் 8000 போர்ட்டும் இருக்கிறது.

பள்ளத்தூர் வளவு:

அப்படியென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஒருமுறை அந்தப் பெயருக்கு ஐபியைக் கேட்டு வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆப் எழுந்திருக்கவில்லை என்றால் பெயரே கிடைக்காமல், ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம் என்று லாகில் எழுதிவிட்டு என்ஜின்எக்ஸே நின்றுவிடும். ஆப் ஓடிக்கொண்டிருந்து, பிறகு அது மட்டும் விழுந்து வேறு ஐபியில் எழுந்தால் என்ஜின்எக்ஸ் பழைய ஐபிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்கும் 502 அதுதான். ஓடுவதாகக் காட்டுவதும் பொய்யில்லை, நாலும் ஓடத்தான் செய்கின்றன.

உடனடித் தீர்வு, என்ஜின்எக்ஸை ரீலோட் செய்வது. நிரந்தரத் தீர்வு, கான்ஃபிகில் ரிசால்வர் என்று 127.0.0.11 கொடுத்து (பெயருக்கு ஐபி சொல்லும் டாக்கரின் உள் டிஎன்எஸ் முகவரி அது), ஆப்புக்கு அனுப்பும் புராக்ஸி பாஸ் வரியில் பெயரை ஒரு வேரியபிள் வழியாகக் கொடுப்பது. அப்படிச் செய்தால் அவ்வப்போது ஐபியைப் புதிதாகக் கேட்கும். தொடக்கத்தில் ஆப் இல்லாவிட்டாலும் என்ஜின்எக்ஸ் நின்றுபோகாது.

கல்லுக்கட்டி:

நான் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாம் குபர்நெட்டீஸ்தான். கம்போஸை உண்மையான வேலையில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெஷின் போனால் எல்லாம் போயிற்று. புதுப்பதிப்பு ஏற்றும்போது பழைய கன்டெய்னர் நின்று புதியது எழும்வரை இடைவெளி விழும். ஹெல்த்செக்கில் (கன்டெய்னர் நலமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனையில்) தவறினால் அன்ஹெல்தி என்று பெயர் மட்டும் மாறும், டாக்கர் தானாக அதை ரீஸ்டார்ட் செய்யாது. குபர்நெட்டீஸ் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்.

கானாடுகாத்தான்:

அண்ணே, நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் சரி. ஆனால் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு மெஷின். ஒரு மெஷினில் குபர்நெட்டீஸ் போட்டாலும் அந்த மெஷின் போனால் எல்லாம் போகத்தான் போகிறது. வேறு மெஷினுக்கு வேலையை நகர்த்துவதுதான் அதன் பலம், நகர்த்த இடமில்லாத ஊரில் அந்தப் பலத்துக்கு வேலை இல்லை. அதைப் பராமரிக்கும் சுமை மட்டும் வந்து சேரும்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு விடுதியின் அறைப் பதிவு முழுக்க ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில்) கம்போஸில்தான் ஓடுகிறது. புதுப்பதிப்பு ஏற்றும்போது சில நொடிகள் நிற்கும், அதை விருந்தினர் தூங்கும் நேரத்தில் செய்கிறோம். நான் இல்லாத நாளில் விடுதி மேலாளர் ஒரே கட்டளையில் எழுப்புகிறார். செக்காலைவாசி கேட்பதும் அதைத்தானே? அடுத்து வருபவர் ஒரு பக்கக் கோப்பைப் படித்து முழு அமைப்பையும் புரிந்துகொள்ள முடிய வேண்டும். குபர்நெட்டீஸின் அமைப்புக் கோப்புகளான மேனிஃபெஸ்டுகளை அவர் கையில் கொடுத்தால் படிப்பாரா?

கல்லுக்கட்டி:

ஒரே மெஷின் என்பதை நான் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையில் உங்கள் வாதம் நியாயம். ஆனாலும் கம்போஸிலேயே மூன்றைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று எழுதாமல் பதிப்பு எண்ணை எழுதுவது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் மெமரி வரம்பு வைப்பது. லாகுக்கு அளவு வரம்பு வைப்பது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்கரின் வழக்கமான ஜேசன் ஃபைல் லாகுக்கு இயல்பாக வரம்பு எதுவும் கிடையாது, டிஸ்க் நிரம்பும்வரை வளரும். டிஸ்க் நிரம்பினால் முதலில் எழுத முடியாமல் நிற்பது போஸ்ட்கிரெஸ். லாகிங் பகுதியில் மேக்ஸ் சைஸ் 10 எம், மேக்ஸ் ஃபைல் 3 என்று கொடுத்தால் போதும்.

தேவகோட்டை ரஸ்தா:

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். தம்பியின் உண்மையான தலைவலி அதுதான். இதில் பலரும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கோப்பில் டிபெண்ட்ஸ் ஆன் என்று எழுதி, ஆப்பின் கீழ் டிபி என்று கொடுத்தால், முதலில் டிபி கன்டெய்னர் தொடங்கும், அடுத்து ஆப் தொடங்கும். தொடங்குவது வேறு, தயாராவது வேறு. போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் ஒரு நொடியில் தொடங்கிவிடும். திடீரென்று கரண்ட் போயிருந்தால், எழுந்ததும் வால் (WAL) பதிவுகளை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்த பதிவுகளைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் இணைப்பை ஏற்கும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் டிபிக்கு ஒரு ஹெல்த்செக் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ் இமேஜுக்குள்ளேயே பிஜி ஈஸ்ரெடி (pg_isready) என்ற கட்டளை இருக்கிறது, அதையே சோதனையாகக் கொடுக்கலாம். பிறகு ஆப்பின் டிபெண்ட்ஸ் ஆன் பகுதியில் கண்டிஷன் சர்வீஸ் ஹெல்தி என்று எழுதினால், டிபி தயார் என்று பதில் சொல்லும்வரை கம்போஸ் ஆப்பைத் தொடங்காது. மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அட்டவணைகளை ஆப்பின் பதிப்புக்கு ஏற்ப மாற்றும் வேலையை) தனி சர்வீஸாகப் பிரித்து, அது வெற்றிகரமாக முடிந்த பிறகுதான் ஆப் தொடங்க வேண்டும் என்றும் எழுத முடியும். சர்வீஸ் கம்ப்ளீட்டட் சக்ஸஸ்ஃபுல்லி என்று அதற்கு ஒரு கண்டிஷன் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். இந்த வரிசையெல்லாம் நீங்கள் கம்போஸ் அப் கொடுக்கும்போது மட்டும்தான். மெஷின் ரீபூட் ஆகும்போது கன்டெய்னர்களை எழுப்புவது கம்போஸ் அல்ல, பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன். அது உங்கள் யாம்ல் கோப்பைப் (கம்போஸ் கோப்பு அந்த வடிவத்தில்தான் இருக்கும்) படிப்பதில்லை. ஒவ்வொரு கன்டெய்னரின் ரீஸ்டார்ட் பாலிசியை மட்டும் பார்த்து எழுப்பும். டிபெண்ட்ஸ் ஆன் எழுதியும் கரண்ட் வந்ததும் வரிசை தப்புகிறதே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லா சர்வீஸுக்கும் ரீஸ்டார்ட் அன்லெஸ் ஸ்டாப்டு என்று கொடுத்துவிட்டு, டிபி கிடைக்காவிட்டால் ஆப் பொறுத்திருந்து மறுபடி முயலும்படி எழுதுவது. டிபி இல்லாமல் மைக்ரேஷன் தோற்று ஆப் வெளியேறினாலும் டாக்கர் அதைத் திரும்ப எழுப்பும். இடைவெளி 100 மில்லி நொடியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி, அதிகபட்சம் ஒரு நிமிடம்வரை போகும். போஸ்ட்கிரெஸ் தயாரானதும் தானாக எல்லாம் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, ரீஸ்டார்ட் பாலிசியே இல்லாமல், பூட் ஆனதும் கம்போஸ் அப் கொடுக்கும்படி ஒரு சிஸ்டம்டி யூனிட் (லினக்ஸ் தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் அமைப்புக்கான கோப்பு) எழுதுவது. அப்போது வரிசை காக்கப்படும். ஆனால் நடுவில் ஒரு கன்டெய்னர் விழுந்தால் எழுப்ப ஆளில்லை.

நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நடுப்பகலில் போஸ்ட்கிரெஸ் மட்டும் ஒரு நிமிடம் விழுந்து எழுந்தாலும் ஆப் தாங்க வேண்டுமே. அந்தத் தாங்கும் குணம் ஆப்புக்குள்தான் இருக்க வேண்டும், தொடக்க வரிசை அதைத் தராது. கூடவே ஒரு யூபிஎஸ் வாங்கி வையுங்கள், தம்பி. மென்பொருளால் தீர்க்க முடியாத பகுதி அது.

அழகப்பா மாணவி:

மிக்க நன்றி அக்கா, அண்ணா. சர்வீஸ் பெயரைக் கொடுத்ததும் இணைந்துவிட்டது. டாட் என்வ் (.env) கோப்பில் ஒரு ஏபிஐ கீ (வெளிச் சேவைக்கான ரகசியச் சாவி) வைத்தேன், அது மட்டும் ஆப்புக்குள் வரவில்லை. அந்தக் கோப்பைக் கம்போஸ் தானாகப் படிக்கும் என்று படித்திருந்தேன்.

பள்ளத்தூர் வளவு:

படிக்கும், ஆனால் யாம்ல் கோப்பில் டாலர் குறியிட்ட இடங்களை நிரப்புவதற்காக மட்டும். கன்டெய்னருக்குள் போக வேண்டுமானால் என்விரான்மென்ட் பகுதியில் அந்தப் பெயரை எழுத வேண்டும், அல்லது என்வ் ஃபைல் என்று அந்தக் கோப்பைச் சுட்ட வேண்டும். யாம்ல் கோப்பில் நேரடியாக எழுதும் மதிப்பில் டாலர் குறி வந்தால் இரண்டு டாலராக எழுதுங்கள். கம்போஸ் கான்ஃபிக் என்ற கட்டளை, எல்லாம் நிரப்பிய பிறகு கோப்பு எப்படி இருக்கிறது என்று காட்டும். எதையும் எழுப்புவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இன்டென்ட் பிழையும் அங்கேயே தெரிந்துவிடும். யாம்லில் டேப் எழுத்து கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். ரகசியங்கள் இருப்பதால் டாட் என்வ் கோப்பை கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள்.

கானாடுகாத்தான்:

செக்காலைவாசி, மாற்றுவதற்கு முன் டேட்டாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோப்பைத் தொலைத்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம், பட்டறையின் ஆர்டர்களை எழுத முடியாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டா பெயர் வைத்த வால்யூமில் இருக்க வேண்டும். கம்போஸ் டவுன் கொடுத்தால் கன்டெய்னரும் நெட்வொர்க்கும் போகும், அந்த வால்யூம் இருக்கும். டவுனோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூமும் போய்விடும், திரும்பக் கேட்காது. இணையத்தில் "பிரச்சினையா, டவுன் மைனஸ் வி கொடுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பட்டறை மெஷினில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்தது போல்டர் பெயர். புராஜெக்டுக்கு நீங்கள் பெயர் வைக்காவிட்டால் போல்டர் பெயரையே கம்போஸ் எடுத்துக்கொள்ளும், வால்யூம் பெயருக்கு முன்னாலும் அதைச் சேர்க்கும். யாரோ போல்டரை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு அப் கொடுத்தால் புதிய, காலியான வால்யூம் உருவாகும். திரையில் ஆர்டர் ஒன்றும் இருக்காது. பழைய வால்யூம் அழிந்திருக்காது, பெயர்தான் வேறு. பதறாமல் வால்யூம் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் தெரியும். கோப்பின் உச்சியில் நேம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. உங்கள் பழைய ஸ்கிரிப்ட் உருவாக்கிய வால்யூமை அப்படியே பயன்படுத்த வேண்டுமானால், வால்யூம்ஸ் பகுதியில் அதன் முழுப் பெயரைக் கொடுத்து எக்ஸ்டெர்னல் ட்ரூ என்று எழுதுங்கள். எக்ஸ்டெர்னல் என்று குறித்த வால்யூமை மைனஸ் வி கூடத் தொடாது.

கல்லுக்கட்டி அண்ணன் லேட்டஸ்ட் வேண்டாம் என்றாரே, போஸ்ட்கிரெஸுக்கு அது இன்னும் கட்டாயம். 16ஆம் பதிப்பு எழுதிய டேட்டாவை 17 நேரடியாகத் திறக்காது. புது இமேஜ் இறங்கியதும் டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுக்கும். பெரிய பதிப்பு மாற வேண்டுமானால் டம்ப் (டேட்டா முழுவதையும் எழுதி வைத்த கோப்பு) எடுத்து, புதிய வால்யூமில் ஏற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்ட் வேரியபிளும் டேட்டா போல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் செல்லும். பிறகு கோப்பில் மாற்றினால் டேட்டாபேஸில் மாறாது.

கல்லுக்கட்டி:

பாதுகாப்பு பற்றி ஒன்று. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் வைத்து 5432ஐ மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கம்போஸில் போர்ட்ஸ் பகுதியில் 5432 என்று வெளியே திறந்தால், டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிப்படை நெட்வொர்க் விதிகளான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்ளும். யூஎஃப்டபிள்யூ தடுப்பு அந்தப் போக்குவரத்துக்குப் பொருந்தாது. டிபிக்கும் ரெடிஸுக்கும் போர்ட்ஸ் பகுதியே வேண்டாம். ஆப் உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். மெஷினிலிருந்து பார்க்க வேண்டிய தேவை இருந்தால் முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள். வெளியே திறக்க வேண்டியது என்ஜின்எக்ஸின் 80, 443 மட்டும்.

செக்காலைவாசி:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை விடுமுறை நாளில் மாற்றிவிட்டேன். பழைய வால்யூமை எக்ஸ்டெர்னல் என்று கொடுத்தேன், ஆர்டர் எல்லாம் அப்படியே இருக்கிறது. டிபிக்கு ஹெல்த்செக், எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட் அன்லெஸ் ஸ்டாப்டு, என்ஜின்எக்ஸில் ரிசால்வர், லாகுக்கு வரம்பு. பழைய ஸ்கிரிப்ட் ரெடிஸின் 6379ஐ வெளியே திறந்து வைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது, அதையும் மூடியாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். முதலில் ஆப் விழுந்து விழுந்து எழுந்தது, போஸ்ட்கிரெஸ் தயாரானதும் திரை தானாக வந்துவிட்டது. பட்டறையில் கணக்கு எழுதும் அக்காவுக்கு அப், லாக்ஸ் இரண்டு கட்டளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பேக்கப்புக்கு வால்யூம் போல்டரையே இரவில் காப்பி எடுத்தால் போதுமா?

தேவகோட்டை ரஸ்தா:

போதாது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும், திரும்ப ஏற்றும்போது கைகொடுக்காது. கம்போஸ் எக்ஸெக் வழியாக டிபிக்குள் பிஜி டம்ப் ஓட்டி, வரும் வெளியீட்டை வெளியே ஒரு கோப்பில் சேமியுங்கள். க்ரானில் (குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் வசதி) போடும்போது எக்ஸெக்குக்கு மைனஸ் பெரிய டி (-T) சேர்க்க மறக்காதீர்கள், அங்கே டெர்மினல் கிடையாது. அந்தக் கோப்பு அதே மெஷினில் மட்டும் இருக்கக் கூடாது.

பிறகு உங்கள் லேப்டாப்பில் அதே யாம்ல் கோப்பை மைனஸ் பி (-p) கொடுத்து வேறு புராஜெக்ட் பெயரில் எழுப்பி, டம்பை ஏற்றிப் பாருங்கள். வால்யூமை எக்ஸ்டெர்னல் என்று எழுதியிருக்கிறீர்கள், லேப்டாப்பில் அது இருக்காது. அப் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயரில் காலியாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் இப்போது ஊறிக்கொண்டிருக்கும் கல்லின் பட்டியல் திரையில் சரியாக வருகிறதா என்று அந்த அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.